சோற்றுக்கற்றாழை: தொட்டியில் வளர்த்து முகத்துக்குப் பூச

கற்றாழை தடவிய இடம் அரித்தால், பல நேரம் குற்றவாளி அதன் சோறு அல்ல. பச்சைத் தோலுக்கு அடியில் ஓடும் மஞ்சள் பால். அதைக் காய்ச்சி இறுக்கியதைத்தான் நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் என்று விற்கிறார்கள். கடுமையான பேதி மருந்து அது, முகத்தில் பூசுகிற பொருள் அல்ல. பாலை முழுக்க வடித்துவிடத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் செடி. சாலையோரமும் தண்டவாள ஓரமும் வேலியாக நிற்கும் ஆனைக்கற்றாழை வேறு இனம். அதன் மடல் நுனியில் ஊசிபோல் கடினமான முள் இருக்கும், ஒடித்தால் நார் வரும், சாறு பட்டால் தோல் கொப்பளிக்கலாம். சோற்றுக்கற்றாழை மடலோ அழுத்தி வளைத்தால் மளுக்கென்று ஒடியும், உள்ளே கண்ணாடி போன்ற சோறு தெரியும். இளங்கன்றின் மடலில் வெள்ளைப் புள்ளிகள் இருப்பது இயல்புதான்.

மடலை வெட்டி நட்டால் வேர் விடாது, அழுகும். தாய்ச்செடியின் அடியில் முளைக்கும் பக்கக்கன்று நான்கைந்து அங்குலம் வளர்ந்ததும் அதன் சொந்த வேரோடு பிரித்தெடுங்கள். வெட்டுக்காயம் ஆற இரண்டு நாள் நிழலில் போட்டு வையுங்கள். அடியில் ஓட்டையுள்ள 10 அங்குல மண்தொட்டி போதும். சிமெண்ட், பிளாஸ்டிக்கைவிட மண்தொட்டி சீக்கிரம் காயும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. களிமண் வேண்டாம். நட்ட பிறகு ஐந்து நாள் தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான் கடினமான பகுதி!

அதன் பிறகும் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். சித்திரை வெயிலில் வாரம் ஒருமுறை, குளிர்மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதுமானது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குத் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுங்கள். அடிமடல் மஞ்சளாகிக் கொழகொழத்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று பொருள்: செடியைப் பிடுங்கி, கறுத்த வேரை வெட்டி, காயவைத்துப் புது மண்ணில் நடுங்கள். மடல் செம்பழுப்பாக மாறினால் வெயில் அதிகம். காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றினால் பச்சை திரும்பும். மடல் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி ஒட்டினால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

எட்டு மடலாவது வந்த பிறகே அறுக்க வேண்டும். வெளிச்சுற்றில், அடியில் இருக்கும் முற்றிய மடலை, ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மட்டும் அடியொட்டி அறுங்கள். நடுக்குருத்தைத் தொடாதீர்கள்.

அறுத்த மடலை வெட்டுவாய் கீழே இருக்குமாறு ஒரு டம்ளரில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். மஞ்சள் பால் தானாக இறங்கிவிடும். பிறகு கழுவி, அடியில் ஓர் அங்குலத்தை வெட்டி எறிந்து, இருபக்க முள்ளையும் சீவிவிட்டு, தோலைச் சற்றுத் தடிமனாகவே உரியுங்கள். சிக்கனம் பார்த்துத் தோலை ஒட்டிச் சுரண்டினால் பாலும் கூடவே வரும். சோற்றைத் துண்டாக்கி, மஞ்சள் நிறமும் கசப்பு வாடையும் போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசுங்கள். ஏழு தண்ணீரில் கழுவச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல.

முதல் முறையானால் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒருநாள் பொறுங்கள். சிவக்கவோ அரிக்கவோ செய்தால் உங்களுக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிடுங்கள். ஒத்துக்கொண்டால் கழுவிய முகத்தில் ஒரு தேக்கரண்டி சோற்றை மெல்லியதாகப் பூசி, 15 நிமிடத்தில் வெறும் தண்ணீரில் கழுவலாம். சோற்றில் பெரும்பகுதி தண்ணீர்தான். காய்ந்ததும் தோல் இழுத்துப் பிடிக்கும். வறண்ட சருமம் உள்ளவர்கள் கழுவிய ஈரத்தோடு இரண்டு துளி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. வெயிலில் கன்றிய தோலுக்கும் சவரம் செய்த எரிச்சலுக்கும் குளிர்ந்த சோறு இதமாக இருக்கும். ஆழமான காயம், தையல் போட்ட இடம், சீழ் வைத்த பரு ஆகியவற்றில் பூச வேண்டாம். எலுமிச்சைச் சாறு கலக்கும் பழக்கத்தையும் கைவிடுங்கள். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கறுத்துப் புண்ணாகலாம்.

மிக்ஸியில் அடித்த சோறு, மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில், ஃபிரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் மாதக்கணக்கில் கெடாது என்பது தவறு. அது கிருமியைத் தடுக்காது. ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது ஒரு கட்டியை எடுத்து உருக்கிக்கொள்வதே மேல். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். உரித்த தோலையும் வடிந்த பாலையும் நாய், பூனை நக்கும் இடத்தில் போடாதீர்கள். அவற்றுக்கு வாந்தியும் பேதியும் வரும்.