பிரிண்டரைத் திட்டுவதற்கு முன்: லினக்ஸில் விடும் சில தவறுகள்

பரீட்சைக்கு முதல்நாள் இரவு, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ரியூஷன் நடத்தும் நண்பர் போன் எடுத்தார். "உபுண்டு சரிவராது போல, விண்டோஸைத் திரும்பப் போடுவமோ?" விண்டோஸுக்குப் பதிலாக அவர் கணினியில் ஓடுவது உபுண்டு, லினக்ஸில் ஒரு வகை. போய்ப் பார்த்தேன். சிக்கிய பேப்பரை அவரே எடுத்துவிட்டார், பிரிண்டரில் பச்சை லைட்டும் எரிகிறது. ஆனால் கணினியில் ஒரே வினாத்தாள் 11 தடவை வரிசையில் நிற்கிறது. பிரிண்ட் வரவில்லை என்றதும் மனிதர் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார்.

லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது 1999இல் வெளிவந்த கப்ஸ் என்ற நிரல். பேப்பர் சிக்கினாலோ யுஎஸ்பி வயர் கழன்றாலோ அது பல வேளை வரிசையையே நிறுத்திவிடும். பிறகு பிரிண்டரை எத்தனை தரம் அணைத்துப் போட்டாலும் வரிசை தானாக எழும்பாது. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:631 (localhost:631) என்று அடித்து, உங்கள் பிரிண்டரின் பக்கத்துக்குப் போய், நீங்கள்தான் அதை மீண்டும் தொடங்கவைக்க வேண்டும். அதற்கு முதல் மேலதிகமாக நிற்பவற்றை அழித்துவிடுங்கள். நாங்கள் அவசரத்தில் அழிக்காமல் தொடங்கினோம். நாலு பக்க வினாத்தாள், 44 தாள் வந்து விழுந்தது. அவருக்குத் தேவைப்பட்டதோ போட்டோகொப்பிக் கடைக்குக் கொடுக்க ஒரேயொரு பிரதி.

இனி, வாங்கும்போதே விடும் தவறு. மலிவு லேசர் பிரிண்டர் ஏன் மலிவு தெரியுமா? மூளையைக் குறைத்துத்தான். விலை கூடிய பிரிண்டர் பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலையைத் தானே செய்துகொள்ளும். மலிவானது அதைக் கணினியின் தலையில் கட்டிவிடும். அந்த மொடலின் பாஷை தெரிந்த நிரல், அதாவது டிரைவர், கணினியில் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டிதான். கடையில் "லினக்ஸில் வேலை செய்யுமா?" என்று கேட்டால் "எல்லாத்திலயும் செய்யும்" என்றுதான் பதில் வரும். அதை விட்டுவிட்டு, பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனிலிருந்து நேரே அச்சிட வந்த வசதி அது. ஆனால் இருந்தால், புதிய உபுண்டு தனி டிரைவர் கேட்காமலே பிரிண்டரைப் பிடித்துக்கொள்ளும். பிரதர் எச்எல் வரிசையில் பல மொடல்களுக்கு பிஆர்லேசர் என்ற திறந்த மூல டிரைவர் உண்டு. எச்பி பிரிண்டர்களுக்கு எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பு இருக்கிறது. ஆனால் சில மொடல்கள் அதோடு திறந்த மூலம் அல்லாத ஒரு துணை நிரலையும் (பிளக்இன்) கேட்கும். அதன் பதிப்பு எச்பிலிப்பின் பதிப்போடு பொருந்த வேண்டும். நேற்றுவரை ஓடியது அப்டேட்டுக்குப் பிறகு நின்றுவிட்டதா? முழுவதையும் அழித்து முதலில் இருந்து போடாதீர்கள், பிளக்இன்னை மட்டும் திரும்ப இறக்கிப் பாருங்கள்.

பழைய எச்பி லேசர்ஜெட் 1020 வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அதை இயக்கும் உள் நிரல், ஃபர்ம்வேர், பிரிண்டருக்குள் தங்குவதில்லை. ஒவ்வொரு முறை ஒன் பண்ணும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். லைட் எரியும், பேப்பர் அசையாது. பழுது என்று ஓட்டோவில் ஏற்றிக் கொண்டு திரிய வேண்டாம். கணினி முழுதாக எழும்பிய பிறகு யுஎஸ்பி வயரைக் கழற்றிச் செருகிப் பாருங்கள்.

கரண்ட் போகிறதே என்று லேசர் பிரிண்டரைச் சின்ன யுபிஎஸ்ஸில் செருகுவதும் கூடாது. மைத்தூளான ரோனரை உருக்கும் பகுதி சூடாகும்போது இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது. கூவிவிட்டு, கணினியையும் சேர்த்து அணைத்துவிடும். பிரிண்டர் நேரே சுவரிலேயே இருக்கட்டும்.

தட்டில் தாள் இருக்கிறது, பிரிண்டர் தாள் கேட்டு மினுங்குகிறதா? நிறுவும்போது அமெரிக்க ஆங்கிலத்தைத் தெரிவுசெய்திருப்பீர்கள். அதனால் தாள் அளவு லெட்டர் என்ற அமெரிக்க அளவு ஆகியிருக்கும், 216க்கு 279 மில்லிமீற்றர். நாங்கள் வைப்பது 210க்கு 297, ஏ4. கப்ஸில் மாற்றினால் மட்டும் போதாது, ஆவணம் அடிக்கும் லிப்ரே ஒஃபிஸில் அந்த ஆவணத்தின் பக்க அளவையும் பாருங்கள்.

கடைசியாக, பிரிண்டருக்குச் சம்பந்தமே இல்லாமல் அதன் மேல் விழும் பழி. கோயில் நோட்டீஸ், சங்கக் கூட்ட அறிக்கை என்று யாரோ பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து அனுப்பியிருப்பார்கள். உங்கள் கணினியில் பாமினி இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பை வரும். உடனே "டிரைவர் பிழை" என்று ரோனரைச் செலவழித்துச் சோதிக்கத் தொடங்குவார்கள். திரையை ஒருக்கால் வடிவாகப் பாருங்கள். அங்கேயே குப்பையாகத் தெரிந்தால் அது எழுத்துருப் பிரச்சினை. பாமினி கோப்பை இரண்டு தரம் கிளிக் பண்ணி நிறுவி, லிப்ரே ஒஃபிஸை மூடித் திறவுங்கள். கோப்பு கையில் இல்லையென்றால், அனுப்பியவரிடமே பிடிஎஃப் ஆக்கித் தரச் சொல்லுங்கள்.