கயிறு இழுத்தும் கிளம்பாத அவுட்போர்டு எஞ்சின்: கோளாறைத் தேடும் வரிசை

பத்துத் தடவை கயிறு இழுத்தும், படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், பலருடைய கை நேராக, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைத்தான் தேடிப் போகிறது. வேலை முடிகிறதோ இல்லையோ, நன்றாக இருந்த கார்புரேட்டரின் திருகுகளும் கேஸ்கெட்டும் அதில் பாழாகிவிடுகின்றன. எஞ்சின் ஓடுவதற்குச் சரியான அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், உரிய நேரத்தில் விழும் தீப்பொறியும், சிலிண்டருக்குள் போதிய அழுத்தமும் வேண்டும். இம்மூன்றில் எது குறைகிறது என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் வெளியே இருப்பவற்றைப் பார்க்க வேண்டும். அவசர நிறுத்தச் சுவிட்சின் கிளிப் தன் இடத்தில் முழுமையாக அமர்ந்திருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, பெட்ரோல் குழாயின் இணைப்பு எஞ்சினிலும் டேங்கிலும் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்பவற்றைக் கையால் தொட்டே உறுதி செய்ய வேண்டும். அடுத்து, டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைப் பார்க்க வேண்டும். அது மூடியிருந்தால், பெட்ரோல் வெளியேற வெளியேற டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுவிடும். கிளம்பிய எஞ்சின் சில நிமிடங்களில் அணைந்துபோவதற்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு. நானே ஒருமுறை அந்தத் திருகைத் திறக்க மறந்து, அரை நாளைத் தீப்பொறி தரும் பிளக்குகளைத் துடைப்பதில் கழித்திருக்கிறேன்.

குழாயின் நடுவே உள்ள ரப்பர்க் குமிழ் நிறையச் செய்தி சொல்லும். அதன்மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். அந்த முனை மேலே இருக்கும்படி பிடித்து அமுக்கினால், சில அமுக்கல்களில் குமிழ் கெட்டிப்பட வேண்டும். எவ்வளவு அமுக்கியும் தொளதொளவென்றே இருந்தால், இணைப்பின் ரப்பர் வளையமான ஓரிங் தேய்ந்தோ குழாய் வெடித்தோ காற்று உள்ளே புகுகிறது, அல்லது குமிழின் வால்வு பழுதாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போது குமிழ் சப்பையாக ஒட்டிப்போனால், டேங்கின் பக்கத்தில் அடைப்பு இருக்கிறது. காற்றுத் திருகையும் டேங்கினுள் இறங்கும் உறிஞ்சு குழாயின் வலையையும் பார்க்க வேண்டும்.

குளிர்ந்த எஞ்சினுக்கு, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக் வேண்டும். சூடான எஞ்சினுக்குப் பெரும்பாலும் வேண்டியதில்லை. சோக்கை இழுத்தபடியே பலமுறை கயிறு இழுத்தால், சிலிண்டரில் பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்துவிடும். பெட்ரோல் வாடை கடுமையாக அடித்தால் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, நியூட்ரலில் எவ்வளவு அனுமதிக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு ஆக்சிலேட்டரைத் திறந்து வைத்துச் சில தடவை இழுக்க வேண்டும். பிடித்த கணமே ஆக்சிலேட்டரைக் குறைத்துவிட வேண்டும்.

அப்போதும் கிளம்பவில்லை என்றால், கயிறு இழுத்த கையோடு பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்க்க வேண்டும். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. தீப்பொறியைப் பற்றி அப்போதைக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. பளபளவென்று நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை. நீர்த்துளிகள் உருண்டு நின்றால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது, அல்லது தலைப்பகுதியின் கேஸ்கெட் வழியே நீர் கசிகிறது. இந்த ஒரு பார்வையே பாதி வேலையை முடித்துவிடும்.

நனைந்த பிளக்கைத் துடைத்து, வயரில் பொருத்தி, அதன் உலோகப் பகுதி எஞ்சினின் உலோகத்தை நன்றாகத் தொடும்படி வைத்துக் கயிறு இழுத்தால் நீல நிறத்தில் தெளிவான பொறி விழ வேண்டும். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால், பொறி விழும் இடம் துளையை விட்டு விலகியே இருக்க வேண்டும். வயரைத் தரை இணைப்பு (எஞ்சின் உலோகத்தோடு தொடர்பு) இல்லாமல் தொங்கவிட்டு இழுத்தால், பொறிக்கான மின்சாரத்தை அனுப்பும் இக்னிஷன் யூனிட் பழுதாகக்கூடும். எந்தச் சிலிண்டரிலும் பொறி இல்லாவிட்டால், நிறுத்தச் சுவிட்சிலிருந்து இக்னிஷன் யூனிட்டுக்கு வரும் வயரைச் சோதனைக்காக மட்டும் பிரித்துப் பார்க்கலாம்; பொறி வந்தால் கோளாறு சுவிட்சில் இருக்கிறது. அந்த வயரை மீண்டும் இணைக்காமல் எஞ்சினை ஓட்டவே கூடாது. ஒரு சிலிண்டரில் மட்டும் பொறி இல்லை என்றால் முதலில் புதிய பிளக் போட்டும், பிறகு பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில்கள் ஒரே வகையாக இருந்தால் அவற்றை இடம் மாற்றியும் பார்க்க வேண்டும். கோளாறும் காயிலோடு இடம் மாறினால் காயில்தான் போயிருக்கிறது.

பிளக் காய்ந்திருந்தால்தான் கார்புரேட்டரின் முறை வருகிறது. அப்போதும் அதைக் கழற்றுவதற்கு முன், அடிக்கிண்ணத்தின் வடிதிருகைத் தளர்த்தி உள்ளிருப்பதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். எதுவுமே வடியாவிட்டால் அடைப்பு ஃபில்டரிலோ பெட்ரோல் பம்பிலோ மிதவையின் ஊசி வால்விலோ இருக்கிறது. அடியில் தனி அடுக்காக நிற்பது தண்ணீர்; எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சுவதால், மாதக்கணக்கில் கிடந்த டேங்கில் இது சாதாரணம். வார்னிஷ் போன்ற புளித்த வாடை அடித்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது; அதை முழுவதும் வடித்துப் புதியதை ஊற்ற வேண்டும். சோக் இழுத்தால் மட்டும் ஓடி, சோக்கை விட்டதும் அணையும் எஞ்சினில், பெட்ரோலை அளந்து விடும் நுண்துளை கொண்ட சிறிய ஜெட் அடைத்திருக்க வாய்ப்பு மிக அதிகம். ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

பொத்தானில் கிளம்பும் எஞ்சின் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரியைப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில், ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். அது சரியாக இருந்தும் சுற்று மந்தமென்றால், பச்சை பூத்த முனைகளையும் தரை வயரையும் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும்.

பெட்ரோலும் பொறியும் சரியாக இருந்தும் கிளம்பாவிட்டால் அழுத்தத்தை அளக்க வேண்டும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, வயர்களைத் தரை இணைத்து, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து அளந்தால், சிலிண்டர்களுக்கு இடையே 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. சில நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் எளிதாகக் கிளம்புவதற்கென அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு உண்டு. ஆகவே எண்ணைக் கையேட்டோடுதான் ஒப்பிட வேண்டும். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது எண் ஏறினால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ தலைக் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டியிருக்கும், அது பட்டறை வேலை.

சோதனைக்காகக் கரையில் கிளப்புவதானால், தண்ணீர்த் தொட்டியில் இறக்கியோ நீர்க் குழாய் பொருத்தியோதான் கிளப்ப வேண்டும். நீரின்றிச் சில நொடிகள் சுற்றினாலே எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (சுழலும் சக்கரம்) கருகத் தொடங்கும். எஞ்சின் பிடித்ததும், பக்கவாட்டுத் துளையிலிருந்து நீர்த்தாரை சீராகப் பீய்ச்சுகிறதா என்று பார்த்துவிட்டே மேல்மூடியை மாட்ட வேண்டும்.