வெளிநாட்டு வேலைக்கு முன் போட வேண்டிய மூன்று கணக்குகள்

வெளிநாட்டிலிருந்து வேலை உறுதிக் கடிதம் வந்ததும் சென்னைக் குடும்பங்களில் முதலில் நடப்பது ஒரு பெருக்கல். ஆண்டுக்கு 95,000 கனடிய டாலர் என்று கடிதத்தில் இருந்தால், டாலருக்கு 60 ரூபாய் என்று வைத்துப் பெருக்கி, 57 லட்சம் என்ற விடையைப் பெரியவர்களிடம் சொல்லிவிடுகிறோம். அந்த எண் ஒருமுறை வாயிலிருந்து வந்துவிட்டால் பிறகு எந்தக் கணக்கும் எடுபடுவதில்லை. அது டொராண்டோவில் ஈட்டி, பெரும்பகுதியை டொராண்டோவிலேயே செலவிட வேண்டிய பணம் என்பதால், அதை வேளச்சேரி விலைவாசியோடு பொருத்திப் பார்ப்பதில் பொருளில்லை.

இந்த இடைவெளியை அளப்பதற்கென்றே வாங்கும் திறன் சமநிலை என்றொரு கணக்கை உலக வங்கி வெளியிடுகிறது. 2017ஆம் ஆண்டுக்கான அந்த ஒப்பீட்டின்படி, சந்தையில் ஓர் அமெரிக்க டாலர் ஏறத்தாழ 65 ரூபாய்க்கு விற்றபோது, அங்கே ஒரு டாலர் கொடுத்து வாங்கியதை இந்தியாவில் 20.65 ரூபாய்க்கு வாங்க முடிந்தது. ஆனால் இது நாடு முழுமைக்குமான சராசரி என்பதால் தனிப்பட்ட குடும்பத்துக்கு அப்படியே பொருந்தாது. கைபேசி, கார், மடிக்கணினி ஆகியவற்றின் விலை இரு நாடுகளிலும் பெரிதாக வேறுபடுவதில்லை. வீட்டுவேலை, இஸ்திரி, முடிதிருத்தம், ஆட்டோ, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் என மனித உழைப்பு சார்ந்தவற்றின் விலைதான் பல மடங்கு உயர்கிறது. எனவே சமையலுக்கும் பாத்திரம் துலக்கவும் ஆள் வைத்திருக்கும் குடும்பம், எல்லா வேலையையும் தானே செய்துகொள்ளும் குடும்பத்தைவிட அதிகம் இழக்கிறது. இணையத்தில் கிடைக்கும் விலைவாசி ஒப்பீட்டுப் பட்டியல்களில் பல, பயனர்களே பதிந்த விலைகளைக் கொண்டவை. அவற்றின் கூடையில் இருப்பது யாரோ ஒருவருடைய வாழ்க்கை என்பதை மறக்கலாகாது.

ஆகவே பெருக்கலை விட்டுவிட்டு மூன்று கணக்குகளை எழுதுமாறு பரிந்துரைக்கிறேன். முதலாவது, இன்று சென்னையில் ஆகும் செலவு. இரண்டாவது, போகும் ஊரில் ஆகப்போகும் செலவு. பலரும் எழுதாமல் விடும் மூன்றாவது, நீங்கள் போன பிறகும் சென்னையில் தொடரப்போகும் செலவு. விமானம் ஏறுவதால் சென்னைக் கணக்கு மூடப்படுவதில்லை. பெற்றோர், வீட்டுக் கடன், காப்பீடு, உறவுகளின் கல்யாணம் என்று அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். சில தலைப்புகளில் கூடவும் செய்யும்.

முதல் கணக்கை நினைவிலிருந்து எழுதாமல், கடந்த ஆறு மாத வங்கிக் கணக்கையும் யுபிஐ பட்டியலையும் பார்த்து எழுத வேண்டும். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை வருகிறது. அவற்றை மாதத்துக்குப் பிரித்துக்கொள்ள வேண்டும். கோடையில் வாங்கும் லாரித் தண்ணீர், கேன் தண்ணீர், அடுக்ககப் பராமரிப்புக் கட்டணம் ஆகியவையும் வாடகையோடு சேர்ந்தவையே. முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்பது போன்ற சலுகைகள் போகும் ஊரில் இருக்கா என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கணக்கில் சறுக்கும் இடம் வாடகை. ஊருக்கு ஊர் வாடகை சொல்லும் முறையே வேறு. ஆஸ்திரேலியாவில் வார வாடகையைத்தான் சொல்வார்கள். வாரம் 650 டாலர் என்றால் அதை 4ஆல் பெருக்கி 2,600 என்று எழுதுவது தவறு. 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 2,817 வரும். என் தம்பிக்காக முதன்முதலில் இப்படியொரு கணக்கைப் போட்டபோது நானே இந்தத் தவற்றைச் செய்து, ஆண்டுக்கு 2,600 டாலர் குறைத்து எழுதியிருந்தேன். ஜெர்மனியில் விளம்பரத்தில் காணும் தொகை வெப்பமூட்டல் முதலியவை சேராத 'குளிர் வாடகை'யா, அவை சேர்ந்த 'வெப்ப வாடகை'யா என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் சமையலறை மேடை, அடுப்பு எதுவுமின்றி வெறும் சுவர்களே இருக்கும் என்பதால் அந்தச் செலவையும் முன்கூட்டியே சேர்க்க வேண்டும். இங்கிலாந்தில் கவுன்சில் வரி எனப்படும் உள்ளாட்சி வரியைப் பொதுவாகக் குடியிருப்பவரே கட்டுகிறார். துபாயில் ஆண்டு வாடகையைச் சில காசோலைகளாக முன்கூட்டியே கொடுப்பது வழக்கம். அத்துடன் ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாக மின்சார, தண்ணீர் ரசீதில் மாதந்தோறும் சேர்ந்து வரும்.

அட்வான்ஸ் விஷயத்தில் மட்டும் சென்னைக்காரர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது என்கிறது. ஆயினும் பத்து மாதம் என்ற பழைய வழக்கம் இன்னும் பல தெருக்களில் நடப்பில் இருக்கிறது. ஜெர்மனியில் மூன்று மாதக் குளிர் வாடகையும், இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீடுகளுக்கு ஐந்து வார வாடகையும்தான் சட்டம் அனுமதிக்கும் உச்சம். காலி செய்யும்போது இங்கே திரும்பக் கிடைக்கும் அட்வான்ஸ், அங்கே போய் இறங்கும் முதல் மாதங்களுக்குப் பயன்படும். வெள்ளையடிக்க என்று பிடித்துக்கொள்ளும் தொகையைக் கழித்துவிட்டு எழுதுங்கள்.

இப்போது ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் வழிமுறையைக் காட்டுவதற்காக நான் வைத்தவை. உங்கள் எண்களை நீங்கள் இட்டுக்கொள்ள வேண்டும். கணவன், மனைவி, மூன்று வயதுக் குழந்தை. ஒருவர் மட்டும் சம்பாதிக்கிறார். சென்னையில் கைக்கு வருவது 1,40,000 ரூபாய். வாடகை 28,000, உணவு 24,000, மழலையர் பள்ளி 8,000, போக்குவரத்தும் மின்சாரமும் தொலைபேசியும் 14,000, பெற்றோருக்கு 15,000, பிற 16,000 என 1,05,000 போக மீதி 35,000. டொராண்டோவில் 95,000 டாலர் சம்பளத்தில் மத்திய வரி, ஒன்டாரியோ மாகாண வரி, ஓய்வூதிய, வேலையிழப்புக் காப்பீட்டுப் பிடித்தங்கள் போக மாதம் ஏறத்தாழ 5,800 கைக்கு வரும் என்று கொள்வோம். இரண்டு படுக்கையறை வீட்டு வாடகை 2,600, மின்சாரமும் இணையமும் தொலைபேசியும் வாடகைதாரர் காப்பீடும் 300, உணவு 1,000, போக்குவரத்து 450, குளிராடை, பல் மருத்துவம் முதலானவை 600 என 4,950 போக மீதி 850 டாலர், அதாவது 51,000 ரூபாய். இங்கேயே நிறுத்துபவர்கள் லாபம் என்று எழுதிவிடுவார்கள். மூன்றாவது கணக்கைத் திறந்தால், பெற்றோருக்கான 15,000 இப்போது 25,000 ஆகியிருக்கும். ஏனெனில் இதுவரை மகன் பைக்கில் அழைத்துச் சென்ற மருத்துவமனைக்கு இனி காரும் துணைக்கு ஆளும் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மூவர் ஊருக்கு வந்துபோக 4,800 டாலர் என்றால் மாதம் 24,000 ரூபாய். இரண்டையும் கழித்தால் எஞ்சுவது 2,000 ரூபாய்.

போக வேண்டாம் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. மனைவிக்கும் அங்கே வேலை கிடைத்தால் குழந்தைக் காப்பகச் செலவைக் கழித்த பிறகும் நிலைமை தலைகீழாக மாறும்; கனடாவின் குழந்தை உதவித்தொகையும் ஓரளவு கைகொடுக்கும், ஆனால் தற்காலிக அனுமதியில் போகிறவர்கள் 18 மாதம் அங்கே வாழ்ந்த பிறகே அதற்குத் தகுதி பெறுவார்கள் என்பதால் முதல் ஆண்டுக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். மாறாக, மனைவி இங்கே சம்பாதித்துக்கொண்டிருந்து அங்கே வேலையின்றி இருக்க நேரிட்டால், அந்தச் சம்பளத்தையும் முதல் கணக்கில் முழுமையாக எழுதிய பிறகே ஒப்பிட வேண்டும்.

வீடு வாங்குவதை வாடகையோடு கலக்காமல் தனியே ஆராய வேண்டும். எளிய அளவுகோல், வீட்டின் விலையைக் குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானத்தால் வகுப்பது. பல நாட்டு நகரங்களின் வீட்டு விலையை ஒப்பிடும் டெமோகிராஃபியா அறிக்கையின் வகைப்பாட்டில் 3 வரை வந்தால் எட்டும் நிலை, 9க்கு மேல் எட்டவே எட்டாத நிலை. சிட்னியும் வான்கூவரும் 9ஐத் தாண்டியவை. வீட்டின் விலையில் ஆண்டு வாடகை எத்தனை சதவீதம் என்பது அடுத்த அளவுகோல். சென்னையில் 80 லட்ச ரூபாய் வீடு மாதம் 20,000க்கு வாடகைக்குப் போனால் ஆண்டு வருவாய் 3 சதவீதம்தான். வீட்டுக் கடன் வட்டி அதைவிட மிக அதிகம். சென்னையில் வீடு வாங்குவதைவிட வாடகைக்கு இருப்பது மலிவு என்பதால்தான், இங்கே கொடுத்த வாடகையோடு அங்கே கேட்கும் வாடகையை ஒப்பிடும்போது நமக்கு மூச்சு முட்டுகிறது.

வாங்கும் உரிமையே இருக்கிறதா என்பதைப் பணத்துக்கு முன்னால் பாருங்கள். சிங்கப்பூரில் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் 2023 ஏப்ரல் முதல் 60 சதவீதம் கூடுதல் முத்திரை வரி. நிரந்தரவாசிகளும் அரசு அடுக்ககங்களில் மறுவிற்பனை வீட்டைத்தான், அதுவும் மூன்று ஆண்டுகள் கழித்தே வாங்க முடியும். ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை, ஏற்கெனவே கட்டப்பட்ட வீடுகளை வெளிநாட்டவர் வாங்குவதைப் பொதுவாகத் தடை செய்திருக்கிறது.

சென்னையில் சொந்த வீடு இருந்தால் மூன்றாவது கணக்கில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். நீங்கள் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசி ஆனதும், உங்கள் வீட்டில் குடியிருப்பவர் வாடகையில் பொதுவாக 31.2 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டு மீதியைத்தான் உங்களுக்குத் தர வேண்டும். 30,000 வாடகையில் கைக்கு வருவது 20,640. கூடுதலாகப் பிடித்ததைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம் என்றாலும், வீட்டுக் கடன் தவணையை மாதந்தோறும் கட்ட வேண்டியவருக்கு அந்த இடைவெளி ஒரு சுமை.

கடைசியாக, மூன்று கணக்குகளையும் நாணய மதிப்பு 10 சதவீதம் ஏறினால், 10 சதவீதம் இறங்கினால் என்று இரண்டு முறை திருப்பிப் போடுங்கள். அங்கே சேர்ந்து மூன்று சம்பளச் சீட்டுகள் கைக்கு வந்ததும், ஊகமாக எழுதிய எண்களை அடித்துவிட்டு உண்மையான பிடித்தங்களையும் வாடகையையும் எழுதிப் பாருங்கள். அதுவரை சென்னை வீட்டை விற்கவோ அங்கே வீட்டுக்கு முன்பணம் கட்டவோ வேண்டாம்.