எல்எல்ஆர் தேர்வா? படத்துக்கு முன் விளிம்பைப் பாருங்கள்

எல்எல்ஆர் (பழகுநர் ஓட்டுநர் உரிமம்) தேர்வுக்குச் சாலைக் குறியீடுகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டாம். வடிவத்தையும் நிறத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளிம்பு வட்டம் என்றால் தடை அல்லது வரம்பு. முழு நீல வட்டம் என்றால் செய்தே ஆக வேண்டும். சிவப்பு விளிம்பு முக்கோணம் எச்சரிக்கை. நீலச் சதுரமும் செவ்வகமும் வெறும் தகவல்.

உள்ளே இருக்கும் படம்தான் ஆளைக் குழப்பும். ஒரே ஹாரன் படம், சிவப்பு வட்டத்தில் குறுக்குக்கோட்டோடு இருந்தால் அடிக்கக் கூடாது. நீல வட்டத்தில் இருந்தால் கட்டாயம் அடிக்க வேண்டும். விளிம்பைப் பார்த்தாலே பாதி தவறான விடைகள் கழிந்துவிடும். பார்க்கிங் தடைக் குறியீட்டில் நடுவே நீலம் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள், விளிம்பு சிவப்புதான்.

எண்கோண வடிவ ‘நில்’, தலைகீழ் முக்கோண ‘வழிவிடு’ இரண்டும் இந்தக் கணக்கில் வராது. இரண்டுமே கட்டாயக் குறியீடுகள். எண் கேள்விகளுக்கும் இது உதவாது: எல்எல்ஆர் 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்துத்தான் ஓட்டிக்காட்டும் தேர்வு, 100 மி.லி. ரத்தத்தில் ஆல்கஹால் 30 மி.கி.யைத் தாண்டக் கூடாது. இதையெல்லாம் உருப்போடத்தான் வேண்டும்.