கூரை இணைப்பில் எழுந்த கொப்புளங்கள்

கலிபோர்னியாவில் என் வீட்டு கராஜில் 1932 ஃபோர்டு கூப்பே என்ற இருகதவுக் கார் ஒன்றைக் கையாலேயே ஹாட் ராடாக, அதாவது உருமாற்றிய வேகக் காராக, மாற்றி வருகிறேன். கூரையைத் தாங்கும் தூண்களை மூன்று அங்குலம் அறுத்துக் கூரையைத் தாழ்த்திப் பற்றவைத்தேன். இணைப்பை மறைக்கப் பழைய முறைப்படி ஈயம். பிளாஸ்டிக் பூச்சு எளிது. ஆனால் உருகும் ஈயத்தை மரத்தட்டையால் தடவி வளைவு எடுப்பதில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது.

வண்ணம் அடித்த சில வாரங்களில் இணைப்பு நெடுகக் கொப்புளங்கள். மனம் உடைந்தது. ஈயம் பிடிப்பதற்காக முதலில் தடவிய அமிலப் பசையை நான் முழுவதும் கழுவவில்லை. அந்த எச்சம் வண்ணத்தைத் தூக்கிவிட்டது.

வண்ணம் நீக்கும் திரவம் பூசி அதை அகற்றினேன். குழிகளில் மீண்டும் ஈயம் நிரப்பினேன். 70 பங்கு ஈயம், 30 பங்கு வெள்ளீயம் சேர்ந்த கலவை 183 முதல் சுமார் 255 டிகிரி செல்சியஸ் வரை கூழாக இருக்கும். அதற்குள் வடிவம் கொடுத்துவிட வேண்டும். தட்டையில் தேன்மெழுகு தடவினால் ஒட்டாது. அரத்தால் மட்டுமே சீவினேன். மின் அரைவை நஞ்சான ஈயத்தூளைக் காற்றில் பரப்பும். எப்படியானாலும் சுவாசக் கவசம் கட்டாயம். பிறகு சமையல் சோடா கரைத்த வெந்நீரால் இருமுறை தேய்த்து, நல்ல நீரில் கழுவி, முழுதும் உலர்த்தியே பிரைமர் அடித்தேன்.

ஓராண்டாகிறது. ஒரு கொப்புளம்கூட இல்லை.