செல்லுக்குள்ள என்ன இருக்குன்னு வீட்லயே பாக்கறது எப்படி

ஸ்கூல் புக்ல இருக்கற செல் படத்த மனசுல வெச்சிட்டு மைக்ராஸ்கோப்ல கண்ண வெச்சா ஏமாற்றம்தான். நியூக்ளியஸ், மைட்டோகாண்ட்ரியா, கோல்ஜின்னு செல்லோட உள்ளுறுப்பு எல்லாம் கலர் கலரா ஒரே செல்லுல தெரியறது படத்துல மட்டும்தான். நமக்கு எது தெரியணுமோ அதுக்கேத்த செல்ல எடுக்கணும், மொத்த விஷயமும் இதான்.

மைக்ராஸ்கோப் 400 மடங்கு பெருசாக்கறது இருந்தா போதும், அதாவது 10 கண் லென்ஸ், 40 கீழ் லென்ஸ். ஸ்லைடு, அதுமேல மூடற மெல்லிசு கவர்ஸ்லிப் எல்லாம் சென்னைல பாரிஸ் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெரு லேப் சாமான் கடைல கேளுங்க. அப்புறம் கொளத்தூர் மீன் கடைங்க பக்கம் ஒரு நடை போனா ரெண்டு வேலை முடியும், தொட்டில போடற ஹைட்ரில்லாங்கற தண்ணிச் செடி ஒரு கொத்து, மீனுக்கு பூஞ்சை வந்தா ஊத்தற மெத்திலீன் ப்ளூ ஒரு பாட்டில். கூடவே மெடிக்கல்ல பொவிடோன் அயோடின்.

முதல்ல பெல்லாரி வெங்காயம். எல்லாரும் உள்பக்க வெள்ளைத் தோலத்தான் உரிப்பாங்க, அதுல ஒரு சொட்டு அயோடின் விட்டா செங்கல் அடுக்குன மாதிரி செல்லும் ஒவ்வொண்ணுலயும் ஓரமா ஒரு மஞ்சள் உருண்டையும் தெரியும், அதான் நியூக்ளியஸ். அது ஏன் நடுவுல இல்லாம ஓரத்துல இருக்குன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. அதுக்கு வெளிப்பக்க ஊதாத் தோலப் பாக்கணும். சதையுள்ள ஒரு இதழோட வெளிப்பக்கத்துல மெல்லிசா உரிச்சு வெறும் தண்ணில வைங்க, சாயமே வேணாம். செல்லு முழுக்க இளஞ்சிவப்பா ரொம்பி இருக்கும், அந்தக் கலர் இருக்கறது வாக்யூல்ல. செடி செல்லுல பாதிக்கு மேல எடத்த இந்த தண்ணிப் பைதான் பிடிச்சிக்குது, மத்ததெல்லாம் ஓரமா ஒதுங்கிடும். இப்போ கவர்ஸ்லிப் ஒரு பக்கம் நல்லா உப்பு கரைச்ச தண்ணி ஒரு சொட்டு விட்டு, எதிர்ப்பக்கம் டிஷ்யூ பேப்பரால உறிஞ்சுங்க. கொஞ்ச நேரத்துல அந்த சிவப்பு சுவரவிட்டு விலகி சுருங்கி உருண்டையாகும். சுருங்குன அந்த உருண்டையோட விளிம்புலதான் செல் சவ்வு இருக்கு, சுவர் மட்டும் அசையாம அங்கயே நிக்கும். ஊறுகா ஏன் கெட்டுப் போகமாட்டேங்குதுங்கறதுக்கும் பாதி விடை இதுலயே இருக்கு, உப்பு கிருமியோட தண்ணியையும் இப்படித்தான் இழுக்குது.

வெங்காயத்துல பச்சை தேடாதீங்க, மண்ணுக்குள்ள இருக்கறதுக்கு வெளிச்சத்துல சாப்பாடு தயாரிக்கற பச்சை மணி, அதாவது குளோரோபிளாஸ்ட் எதுக்கு. அதுக்குத்தான் ஹைட்ரில்லா. நுனியில இருக்கற சின்ன இலைய அப்படியே பிச்சு தண்ணில வைங்க, வெட்டி சீவ வேணாம், அந்த இலையே ரெண்டு அடுக்கு செல்லுதான். அயோடின் விட்டுறாதீங்க, செத்துரும். லைட்ட போட்டுட்டு பத்து நிமிஷம் விட்டுட்டு நடு நரம்பு பக்கமா பாருங்க, பச்சை மணிங்க சுவர ஒட்டியே வரிசையா சுத்தி வரும். அதுங்க தானா ஓடல, ஆக்டின்ங்கற நார்மேல மயோசின் இழுத்துட்டுப் போக உள்ள இருக்கற கூழே நகருது, அதோட சேந்து போகுதுங்க. நம்ம தசை சுருங்கறதும் இதே ரெண்டு புரோட்டீனாலதான்! நம்மூரு வெயிலுக்கு ஸ்லைடு சட்டுனு காஞ்சிரும், ஃபேன ஆஃப் பண்ணிட்டு ஓரத்துல அப்பப்போ ஒரு சொட்டு தண்ணி விடுங்க.

உருளைக்கிழங்க லேசா சுரண்டி அயோடின் விட்டா கருநீலமா முட்டை முட்டையா தெரியறது ஸ்டார்ச், அதைச் சேத்து வைக்கற உறுப்பு அமைலோபிளாஸ்ட், குளோரோபிளாஸ்ட்டுக்கு ஒண்ணுவிட்ட தம்பி.

அடுத்து நம்ம செல். வாயக் கொப்புளிச்சிட்டு கன்னத்து உள்பக்கத்த சுத்தமான ஐஸ்கிரீம் குச்சியால மெதுவா தேய்ச்சு ஸ்லைடுல தடவி, மெத்திலீன் ப்ளூ ஒரு சொட்டு. சுவர் இல்லாததால கோணல்மாணலா மடிஞ்சு கெடக்கும், நடுவுல கருநீலப் புள்ளி நியூக்ளியஸ். செல்லுமேல பொடிப்பொடியா நீலப் புள்ளி இருந்தா அத மைட்டோகாண்ட்ரியான்னு குறிச்சிடாதீங்க, அது வாயில இருக்கற பாக்டீரியா. ஆனா சைஸ் கிட்டத்தட்ட அதேதான், ஒரு மைக்ரான் அளவு, அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. மைட்டோகாண்ட்ரியாவே ரொம்ப காலத்துக்கு முன்னாடி இன்னொரு செல்லுக்குள்ள போய் தங்கிட்ட பாக்டீரியாவோட வம்சம்தான், அதனாலதான் அதுக்குன்னு தனி டிஎன்ஏ இருக்கு, நமக்கு அது அம்மாகிட்டேருந்து வருது. சாப்பாட்டுல இருக்கற சக்திய ஏடிபியா, அதாவது செல் நேரா செலவு பண்ணக்கூடிய வடிவமா மாத்தற வேலை அதுக்கு. நிறமில்லாததால ஜேனஸ் கிரீன்னு ஒரு தனி சாயம் போட்டாதான் தெரியும், வீட்ல அத விட்டுருங்க.

ரைபோசோம் தெரியவே தெரியாது. சாதா மைக்ராஸ்கோப் எவ்ளோ காசு குடுத்து வாங்குனாலும் 200 நானோமீட்டருக்கு (ஆயிரம் நானோமீட்டர் ஒரு மைக்ரான்) கீழ பிரிச்சுக் காட்டாது, ரைபோசோம் 20லேருந்து 30தான். புரோட்டீன் தயாராகறது அதுலதான், வெளிய போக வேண்டியது எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்ங்கற சவ்வு வலை வழியா கோல்ஜிக்குப் போய் பேக் ஆகி கிளம்பும். ரைபோசோமோட அமைப்ப அணு அணுவா கண்டுபிடிச்சதுக்கு 2009ல நோபல் வாங்குன மூணு பேர்ல ஒருத்தர் நம்ம சிதம்பரத்துல பொறந்த வெங்கி ராமகிருஷ்ணன், அதுக்கு எக்ஸ்ரே தேவைப்பட்டுச்சு.

ரெக்கார்டு நோட்ல வரையும்போது கண்ணுல பட்டத மட்டும் வரைங்க. போட்டோ வேணும்னா போன் கேமராவ கண் லென்ஸ்ல ஒட்டி வெச்சு லேசா முன்ன பின்ன நகத்துனா வட்டமா வரும். கண்ணாடி வெச்ச மைக்ராஸ்கோப்னா அத நேரா சூரியன் பக்கம் திருப்பிடாதீங்க. மெத்திலீன் ப்ளூவ சட்டைல மட்டும் பட விடாதீங்க, போகாது.