பேய் வீடும் ரத்தக்காட்டேரியும்: முதல் கோதிக் கதையை எழுதத் தொடங்குவது எப்படி?

கோதிக் கதை, அதாவது பழைய வீடும் மர்மமும் கலந்த திகில் கதை, எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் பேயிலிருந்து தொடங்குகிறார்கள். நான் வாசலிலிருந்து தொடங்கச் சொல்வேன். பேய் வீடு உள்ளே வந்தவரை விடாது. ரத்தக்காட்டேரியோ கூப்பிடாமல் உள்ளே வராது.

படி 1: ஏன் இன்னும் கிளம்பவில்லை?

நள்ளிரவில் சுவருக்குள் யாரோ நடக்கிறார்கள். நாயகி ஏன் மூட்டை கட்டவில்லை? வாசகர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பழைய கதைகளில் கோட்டைக் கதவைப் பூட்டிவிட்டால் போதும். இன்றைய கதைக்குப் பூட்டு வேறு: அடைபடாத வீட்டுக்கடன், படுக்கையில் கிடக்கும் அம்மா, அல்லது இறந்துபோன மகளின் குரல் அந்த வீட்டில் மட்டுமே கேட்பது. அந்தக் காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். அது கிடைக்கும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: வீட்டில் ஒரே ஒரு பிசகு

சிலந்தி வலையும் கிறீச்சிடும் கதவும் வேண்டாம், பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. மார்க் டேனியலெவ்ஸ்கியின் ‘ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்’ (2000) நாவலில் ஒரு வீட்டை அளக்கிறார்கள். உள்ளளவு வெளியளவைவிடக் கால் அங்குலம் அதிகம். அவ்வளவுதான்! அதைப் படித்த வாரம் முழுக்க என் அறைச் சுவரைச் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டிலும் எண்ணிப் பார்க்கக்கூடிய பிசகு ஒன்றை வையுங்கள். மாடிப்படியில் ஏறும்போது பதினாறு, இறங்கும்போது பதினேழு.

படி 3: காட்டேரிக்குச் சட்டம்

வெயில் பட்டால் காட்டேரி அழியும் என்பது ஆதிகாலத்து விதி அல்ல. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வில் (1897) அவன் பகலிலும் நடமாடுகிறான், சக்திதான் குறைந்திருக்கும். வெயிலில் மறைந்துபோவதைப் பிரபலமாக்கியது 1922இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற மௌனப் படம். ஆக, விதிகளை நீங்களே வகுக்கலாம். இரண்டு மூன்று போதும். வகுத்தபின் உங்கள் வசதிக்கு வளைக்கக் கூடாது.

அழைப்பு விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். யோன் லிண்ட்க்விஸ்ட் 2004இல் எழுதிய ஸ்வீடிஷ் நாவலில், அழைக்கப்படாமல் வீட்டுக்குள் வரும் ஏலி என்ற காட்டேரியின் உடம்பிலிருந்து ரத்தம் கசிகிறது. பயப்பட வேண்டிய இடத்தில் பரிதாபம் வந்துவிடுகிறது. அப்புறம் ‘உள்ளே வா’ என்று சொல்லாமல் இருக்க யாரால் முடியும்?

படி 4: கதவைத் திறக்கும் காட்சி

நாயகி காட்டேரிக்குக் கதவைத் திறக்கும் இந்தக் காட்சியைத்தான் கதையில் முதலில் எழுத வேண்டும். ஒரு பக்கம் போதும். ‘பேய்’, ‘காட்டேரி’, ‘பயம்’ மூன்று சொற்களும் கூடாது. எழுதியதை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, “நீயாக இருந்தால் திறந்திருப்பாயா?” என்று கேளுங்கள். மாட்டேன் என்றால், படி 1இல் எழுதிய வரியை மாற்றுங்கள்.